கொடிவழியில் தளிர்க்காத பெயர்கள்

நுழையும்முன்

குடும்பத்தின் வரலாறு பெரும்பாலும் தந்தை, மகன், பேரன் என்னும் வரிசையிலேயே எழுதப்படுகிறது. அவ்வரிசைக்கு வெளியே நின்ற பெண்கள் பலர். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மணம்புரியாமல் வாழ்ந்து மறைந்த பெண்களைப் பழைய ஆவணங்களின் வழியே தேடிக் காணும் முறையையும், அத்தேடல் உணர்த்தும் உண்மையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இங்கிலாந்துக் குடும்பம் ஒன்றின் கொடிவழிப் படம் தலைகீழாக நிற்கும் மரத்தைப் போன்றது. உச்சியில் மூதாதை ஒருவரின் பெயர்; அதன்கீழ்ப் பிள்ளைகள், பேரர்கள், கொள்ளுப்பேரர்கள். திருமணத்தைக் குறிக்கப் படுக்கைக்கோடு, பிறப்பைக் குறிக்க நெடுக்குக்கோடு எனக் கோடுகள் கிளைத்துக்கொண்டே செல்லும். ஆனால், சில பெயர்களின்கீழ்க் கோடு எதுவும் இராது. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, 'மணமாகாமல் இறந்தார்' என்னும் ஒரு குறிப்பு, அவ்வளவே. அறுபது எழுபது ஆண்டுகள் நீண்ட ஒரு வாழ்வு இரண்டு எண்களுக்கு இடையே அடங்கிவிடுகிறது.

உயர்குடியினரின் வழிமுறையைத் தொகுத்துரைக்கும் பர்க் என்பாரின் புகழ்பெற்ற நூல்வரிசையில், ஒரு தலைமுறையின் ஆண்மக்கள் அனைவரும் முதலில் எண்ணிட்டுச் சொல்லப்படுவர்; பெண்மக்கள் அவர்களுக்குப் பின்னரே வருவர். மூத்தவள் பெண்ணாயினும் கடைசித் தம்பிக்குப் பின்னரே அவள் பெயர் நிற்கும். நிலமும் பட்டமும் யார்வழிச் சென்றன என்பதைக் காட்டவே இத்தகைய நூல்கள் தோன்றின. எனவே, எதனையும் யாருக்கும் 'பெற்றுத் தராத' பெண்ணைப் பற்றி அவற்றுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், குடும்பம் என்பது நிலமும் பட்டமும் மட்டுமா? இவ்வினாவிலிருந்தே மணமாகாத பெண்களைப் பற்றிய தேடல் தொடங்குகிறது.

'மிகைப் பெண்கள்'

விக்டோரியா அரசியார் 1837 முதல் 1901 வரை ஆட்சி செய்தார். அவ்வாட்சியின் முற்பகுதியில் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குத் திருமணமே வாழ்க்கைத் தொழில் எனக் கருதப்பட்டது. பல்கலைக்கழகங்கள் அவளுக்குத் திறக்கப்படவில்லை. மருத்துவமும் சட்டமும் ஆண்களுக்கே உரியவையாயிருந்தன. மதிப்புக் குறையாமல் அவள் ஊதியம் பெறக்கூடிய பணி ஏறத்தாழ ஒன்றுதான்: செல்வர் வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வீட்டாசிரியைப் பணி.

இந்நிலையில் 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. நாட்டில் ஆண்களைவிடப் பெண்களின் எண்ணிக்கை பல இலட்சம் மிகுதியாக இருந்தது. குடியேற்ற நாடுகளை நாடி ஆண்கள் கப்பலேறியதும், தரைப்படையிலும் கடற்படையிலும் சேர்ந்து அயல்நாடு சென்றதும், ஆண்களிடையே இறப்பு மிகுந்திருந்ததும் இதற்குக் காரணங்கள். எல்லாப் பெண்களும் மணம்புரிய விரும்பினாலும் அது நடவாது என்பது தெளிவாயிற்று. 1862ஆம் ஆண்டில் டபிள்யூ. ஆர். கிரெக் என்னும் கட்டுரையாளர், இப்பெண்களை 'மிகையானோர்' எனக் குறிப்பிட்டு, ஆண்கள் மிகுந்த குடியேற்ற நாடுகளுக்கு அவர்களை அனுப்பிவிடுவதே தீர்வு என எழுதினார். சரக்கு தேங்கிய இடத்திலிருந்து தேவைப்படும் இடத்திற்கு அதனை அனுப்பும் வணிகரின் கணக்கு அது.

அதே ஆண்டில் பிரான்சிஸ் பவர் காப் என்னும் பெண் எழுத்தாளர் இதற்கு மறுமொழி எழுதினார். திருமணத்தை வேறு வழியில்லாத கட்டாயமாக ஆக்காமல், கல்வியையும் தொழிலையும் பெண்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். காப் அம்மையாரும் மணம்புரியாதவரே. எனவே, கொடிவழிப் படத்தில் 'மணமாகாமல் இறந்தார்' என்னும் குறிப்பைக் காணும்போது, அது ஒரு நாடே விவாதித்த சிக்கலின் ஒரு துளி என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பெயர் மாறாத பெண்

மணமான பெண்ணை ஆவணங்களில் தொடர்வது கடினம். திருமணத்தோடு அவள் குடும்பப்பெயர் மாறிவிடும். கணவன் பெயர் தெரியாவிட்டால் தடம் அங்கேயே அறுந்துபோகும். மணமாகாத பெண்ணோ பிறப்பு முதல் இறப்பு வரை ஒரே பெயருடன் வாழ்ந்தாள். கொடிவழிப் படம் யாரைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்கிறதோ, அவரைத் தேடுவதே எளிது.

சட்டநிலையிலும் இத்தகைய முரண் உண்டு. அக்கால ஆங்கிலப் பொதுச்சட்டப்படி மணமான பெண்ணின் உடைமை கணவனின் ஆளுகைக்குள் சென்றுவிடும். கணவன் இசைவின்றி அவள் உயில் எழுத இயலாது. 1870, 1882 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்களே இந்நிலையைப் படிப்படியாக மாற்றின. மணமாகாத பெண்ணுக்கு இத்தடை இல்லை. அவள் சொத்து வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தம் செய்யலாம், தன் விருப்பப்படி உயில் எழுதலாம். 1869ஆம் ஆண்டுச் சட்டம், வரி செலுத்தும் பெண்களுக்கு நகராட்சித் தேர்தலில் வாக்குரிமை அளித்தது. மணமான பெண்களுக்கு அவ்வுரிமை இல்லை என 1872இல் நீதிமன்றம் விளக்கியது. ஆகவே, வரிப்பதிவேடுகளிலும் வாக்காளர் பட்டியல்களிலும் மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தம் சொந்தப் பெயரில் நிற்கின்றனர். சமுதாயம் குறையெனக் கண்ட நிலையே சட்டத்தின்முன் அவர்களுக்கு ஓர் ஆளுமையை வழங்கியிருந்தது.

தெரிந்து தெளிவோம்

மணமாகாத பெண்ணைக் குறிக்கும் 'ஸ்பின்ஸ்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் 'நூல் நூற்பவள்' என்பதாகும். தன் உழைப்பால் வாழ்ந்த பெண்ணைக் குறித்த தொழிற்பெயர், காலப்போக்கில் மணமாகாதவளைக் குறிக்கும் சட்டச்சொல்லாகிப் பின்னர் எள்ளற்பொருளும் பெற்றது. இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளில் இச்சொல்லைப் பயன்படுத்தும் வழக்கம் 2005ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது.

பதிவேடுகளின் மொழி

இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்யும் முறை 1837ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 1841 முதல் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தோர் பெயர்கள் நாடு முழுவதும் எழுதப்பட்டன. அவ்வாண்டுப் பதிவில் ஒரு பொறி உண்டு: 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதுமாறு கணக்கெடுப்போருக்குச் சொல்லப்பட்டிருந்தது. 64 வயதானவர் 60 வயதினராகவே காட்சியளிப்பார். இதனை அறியாத ஆய்வாளர் பிறந்த ஆண்டைத் தவறாகக் கணிக்க நேரும்.

1851ஆம் ஆண்டிலிருந்து, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மணமானவரா இல்லையா, பிறந்த ஊர் எது என்னும் செய்திகளும் சேர்ந்தன. இவற்றுள் உறவைக் குறிக்கும் கட்டம் மணமாகாத பெண்ணின் வாழ்க்கைக் கதையையே சுருக்கிச் சொல்லிவிடும். இளமையில் தந்தையின் வீட்டில் அவள் 'மகள்'. தந்தை மறைந்தபின் அண்ணன் வீட்டில் 'சகோதரி'. முதுமையில் அண்ணன் மகனின் வீட்டில் 'அத்தை'. பத்தாண்டுக்கு ஒருமுறை கட்டத்திலுள்ள சொல் மாறுகிறது. அவள் பெயரும் 'மணமாகாதவர்' என்னும் குறிப்பும் மாறுவதில்லை. எப்போதேனும் ஒரு பதிவில் அவளே 'குடும்பத் தலைவர்' எனக் குறிக்கப்பட்டிருந்தால், அவ்வொரு சொல்லுக்குப் பின்னால் ஒரு மரபுரிமைத் தொகையோ, ஒரு தையற்கடையோ, ஒரு சிறு பள்ளிக்கூடமோ இருந்திருக்கும்.

தொழிலைக் குறிக்கும் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். தாயில்லாக் குழந்தைகளை வளர்ப்பது, படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பேணுவது, வீட்டுக் கணக்கை எழுதுவது ஆகியன தொழிலாகக் கருதப்படவில்லை. 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் புள்ளிவிவரங்களில், தம் வீட்டில் ஊதியமின்றி உழைத்த பெண்கள் 'தொழிலற்றோர்' பகுப்பில் சேர்க்கப்பட்டனர். வெற்றுக்கட்டத்தை வெறும் வாழ்வெனப் படித்துவிடுவது ஆய்வாளர் எச்சரிக்கையாகத் தவிர்க்க வேண்டிய பிழை.

கணக்கெடுப்பு, குறித்த ஓர் இரவில் ஒருவர் எங்கே தங்கினாரோ அங்கேயே அவரைப் பதிவு செய்தது. ஆகையால், வீட்டாசிரியையாகப் பணிபுரிந்த மகளைத் தந்தை வீட்டில் தேடிப் பயனில்லை. பணிபுரிந்த வீட்டுப் பணியாளர் வரிசையில் தேட வேண்டும். சமையல் தலைவியும் வீட்டு மேலாளரும் மணமாகாதிருந்தும் மரியாதை கருதித் 'திருமதி' என அழைக்கப்பட்டதும் உண்டு. மூத்த மகள் மட்டுமே குடும்பப்பெயரோடு 'செல்வி' எனப்பட்டாள். இளையவர்களுக்கு முதற்பெயரும் சேர்த்துச் சொல்லப்பட்டது. மூத்தவள் மணம்புரிந்தாலோ இறந்தாலோ அடுத்தவள் அப்பெயருக்கு உரியவள் ஆவாள். ஒரே பெயர் இரு பெண்களைக் குறிக்கும் மயக்கம் இதனால் எழுகிறது.

ஓரங்களிலும் இவர்களைக் காணலாம். திருமணப் பதிவில் சாட்சிக் கையொப்பமிட்டவர், இறப்புச் சான்றிதழில் செய்தியைத் தெரிவித்தவர் ஆகிய இடங்களை உற்று நோக்கினால், அங்கே மணமாகாத சகோதரி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். தங்கையின் மணநாளில் உடன் நின்றவரும் தாயின் இறுதி மூச்சின்போது அருகிருந்தவரும் ஒருவரே என்பதை இரண்டு கையொப்பங்கள் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றினும் வளமான ஆவணம் உயில். 1858ஆம் ஆண்டு சனவரிக்கு முன் உயில்களைத் திருச்சபையின் நீதிமன்றங்கள் மெய்ப்பித்தன. அதன்பின் அரசின் நீதிமன்றம் அப்பொறுப்பை ஏற்றது. பிள்ளைகள் உள்ளவர் பெரும்பாலும் சொத்தைப் பொதுவாகப் பகிர்ந்தளித்துவிடுவார். மணமாகாத பெண்ணோ ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொருவருக்கென எண்ணி எழுதுவாள். கடிகாரம் ஒருத்திக்கு, வெள்ளிக் கரண்டிகள் மற்றொருத்திக்கு, நூல்கள் வேறொருத்திக்கு. அவள் யாரை நேசித்தாள், யாருடைய வருங்காலத்தை எண்ணிக் கவலைப்பட்டாள் என்பதை அப்பட்டியல் சொல்லும்.

ஹாவர்த் இல்லத்துப் பெரியம்மா

ஆங்கிலத்தில் 'ஆன்ட்' என்னும் ஒரே சொல் அத்தையையும் பெரியம்மாவையும் சித்தியையும் குறிக்கிறது. தமிழ் தெளிவாகப் பிரித்துரைக்கும் உறவுகளை ஆங்கிலப் பதிவேடு கலந்துவிடுவதால், எந்த வழி உறவு என்பதை ஆய்வாளரே கண்டறிய வேண்டும். எலிசபெத் பிரான்வெல், எழுத்தாளர்களாகிய சார்லட், எமிலி, ஆன் புரோன்டே சகோதரியருக்குப் பெரியம்மா.

எலிசபெத் 1776ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள பென்சான்ஸ் என்னும் கடற்கரை ஊரில், வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை விட்டுச்சென்ற ஏற்பாட்டின்படி அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு வருவாய் இருந்தது. தங்கை மரியா, பேட்ரிக் புரோன்டே என்னும் பாதிரியாரை 1812இல் மணந்து, பின்னர் வடக்கே யார்க்‌ஷயரின் ஹாவர்த் என்னும் மேட்டுநிலச் சிற்றூரில் குடியேறினார். 1821ஆம் ஆண்டில் மரியா நோய்வாய்ப்பட்டபோது, அவரைப் பேணுவதற்காக எலிசபெத் அங்குச் சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் மரியா இறந்தார். அவர் விட்டுச்சென்ற ஆறு குழந்தைகளுள் மூத்தவளுக்கு வயது ஏழு. கடைசிக் குழந்தை ஆன் இரண்டு வயதும் நிரம்பாதவள். எலிசபெத் ஊர் திரும்பவில்லை. தாம் இறக்கும் வரை, 21 ஆண்டுகள் அவ்வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அக்கால இங்கிலாந்தில் மனைவியை இழந்தவர் அவள் உடன்பிறந்தாளை மணப்பதைத் திருச்சபை விதி தடுத்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய மணத்தைச் செல்லாததாக்கியது. 1907இல்தான் அத்தடை நீங்கியது. எனவே, தாயின் பொறுப்புகளை ஏற்றிருந்தும் தாயின் நிலையை எலிசபெத் அடைவதற்கு வழியே இல்லை. அவர் இறுதிவரை 'செல்வி பிரான்வெல்'தான்.

இதமான கடற்காற்றில் வளர்ந்த அவருக்கு ஹாவர்த்தின் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. கற்பாவிய தரையின் சில்லிப்பிலிருந்து தப்ப, மரமும் இரும்பும் கொண்ட மேற்காலணியை வீட்டினுள்ளும் அணிந்து நடந்தார் எனச் சார்லட்டின் வரலாற்றை 1857இல் எழுதிய எலிசபெத் காஸ்கெல் குறிப்பிடுகிறார். இவ்வொரு செய்தியைக் கொண்டே அவரைக் கடுகடுப்பான முதியவராகக் கற்பனை செய்தோர் பலர். சார்லட்டின் தோழி எலன் நசி தரும் நினைவுகளில் வேறொருவர் தெரிகிறார்: சிறிய பொன் டப்பியிலிருந்து மூக்குப்பொடி எடுப்பவர், இளமைக்கால விருந்துகளைப் பற்றிச் சுவைபடப் பேசுபவர், படித்தவற்றைப் பற்றிப் பேட்ரிக் புரோன்டேயுடன் அஞ்சாமல் வாதிடுபவர். ஒரே மனிதரைப் பற்றிய இரு சான்றுகளையும் அருகருகே வைத்தால்தான் முழுவுருவம் கிட்டும்.

1833ஆம் ஆண்டில் எலிசபெத் தம் உயிலை எழுதினார். அப்போது சார்லட்டுக்கு வயது 17, எமிலிக்கு 14, ஆனுக்கு 13. தையற்பெட்டிகள், தந்தத்தாலான விசிறி, கைக்கடிகாரத்திற்கு முந்திய காலத்துச் சட்டைப்பைக் கடிகாரம் எனத் தம் பொருள்களை ஒவ்வொருவருக்கும் ஒதுக்கினார். தங்கை மகனுக்கும் ஒரு பெட்டி கிடைத்தது. பணத்தையோ நான்கு பெண்களுக்கு மட்டுமே பிரித்தளித்தார்: புரோன்டே சகோதரியர் மூவர், பென்சான்சில் இருந்த உடன்பிறந்தாள் மகள் ஒருத்தி. ஆண்பிள்ளை உழைத்துப் பிழைத்துக்கொள்வான், பெண்ணுக்கோ கையில் பணம் வேண்டும் என்பதைத் தம் 50 பவுண்டு ஆண்டு வருவாயின் அருமையை உணர்ந்தவர் அறிந்திருந்தார்போலும்.

1841ஆம் ஆண்டில் சார்லட், ராடன் என்னும் ஊரில் வீட்டாசிரியையாக இருந்தார். ஆண்டு ஊதியம் 20 பவுண்டு. துணிவெளுக்கும் செலவுக்கெனப் பிடித்தது போக 16 பவுண்டு. சொந்தமாகப் பள்ளி தொடங்க விரும்பிய அவர், அதற்குமுன் பிரசல்ஸ் நகரில் பிரெஞ்சு மொழி கற்கப் பணம் வேண்டிப் பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அவர் இசைந்தார். 1842 பிப்ரவரியில் சார்லட்டும் எமிலியும் பிரசல்ஸ் சென்றனர். அதே ஆண்டு அக்டோபர் 29இல் எலிசபெத் காலமானார். செய்தி கேட்டுத் திரும்பிய சகோதரியர் வந்து சேர்வதற்குள் அவர் உடல் ஹாவர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுவிட்டது.

உயிலின்படி ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 300 பவுண்டு கிடைத்தது. வீட்டாசிரியையாகச் சார்லட் பதினைந்து ஆண்டுகள் பெறக்கூடிய ஊதியம் அது. 1846ஆம் ஆண்டில் சகோதரியர் மூவரும் ஆண்பெயர்போல் ஒலிக்கும் புனைபெயர்களில் தம் கவிதைத் தொகுதியை 31 பவுண்டு 10 ஷில்லிங் செலவிட்டுத் தாமே வெளியிட்டனர். ஓராண்டில் இரண்டு படிகளே விற்றன. அடுத்த ஆண்டு எமிலியின் 'வுதரிங் ஹைட்ஸ்' புதினத்தையும் ஆனின் 'ஆக்னஸ் கிரே' புதினத்தையும் அச்சிட அவர்கள் பதிப்பாளருக்கு 50 பவுண்டு முன்பணம் தர வேண்டியிருந்தது. பெரியம்மாவின் சேமிப்பு இல்லையெனில் இப்பணம் அவர்களிடம் ஏது? கொடிவழிப் படத்தில் எலிசபெத் பிரான்வெல்லின் பெயருக்குக்கீழ்க் கோடு இல்லை. ஆயினும் ஆங்கில இலக்கியத்தின் நிலைத்த நூல்கள் சிலவற்றுக்கு அங்கிருந்து ஒரு கோடு செல்கிறது.

அத்தையின் கொடை

இத்தகைய கோடு இன்னொரு குடும்பத்திலும் உண்டு. கரோலின் எமிலியா ஸ்டீபன் 1834இல் பிறந்தவர். அரசு உயர் அலுவலர் சர் ஜேம்ஸ் ஸ்டீபனின் மகள். அண்ணன் லெஸ்லி ஸ்டீபன், நாட்டின் பெருமக்கள் வரலாற்றைத் தொகுக்கும் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதற் பதிப்பாசிரியர். அண்ணன் பிறர் வரலாறுகளைத் திரட்டிய காலத்துக்கு முன்னரே, தங்கை தம் இளமையை வீட்டுக் கடமைகளில் செலவிட்டிருந்தார். 1875இல் தாய் இறக்கும் வரை அவரைப் பேணினார். அதே ஆண்டில் லெஸ்லி மனைவியை இழந்தபோது அவர் இல்லத்தைக் கவனிக்கச் சென்றார். உடல்நலம் இடந்தரவில்லை.

கடமைகள் குறைந்தபின் கரோலின் தமக்கென ஒரு வாழ்வை அமைத்துக்கொண்டார். 1879இல் குவேக்கர் சமயக் குழுவில் இணைந்தார். மௌன வழிபாட்டைப் போற்றும் அச்சமயத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் பலரால் படிக்கப்பட்டது. இறுதிக்காலத்தில் கேம்பிரிட்ஜில் தனியே ஒரு வீட்டில் வாழ்ந்தார். 1904இல் லெஸ்லி மறைந்தபின் நோயுற்ற அவர் மகள், அந்த அத்தையின் அமைதியான வீட்டில் சிலகாலம் தங்கித் தேறினாள். அப்பெண்தான் பின்னாளில் புகழ்பெற்ற வர்ஜீனியா வுல்ஃப்.

1909இல் கரோலின் இறந்தபோது வர்ஜீனியாவுக்கு 2500 பவுண்டு விட்டுச்சென்றார். எழுத்தை நம்பி வாழ முயன்றுகொண்டிருந்த 27 வயதுப் பெண்ணுக்கு அது பெருந்தொகை. அவர் முதற்புதினம் 1915இல் வெளிவந்தது. பெண் எழுதுவதற்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்னும் கருத்தை 1929இல் வெளிவந்த நூலொன்றில் அவர் நிறுவினார். அந்நூலில் கதைசொல்லிக்கு ஆண்டுதோறும் வருவாய் விட்டுச்செல்பவராக ஓர் அத்தை வருகிறார். அவர் கற்பனைப் பாத்திரமே. எனினும் அத்தகைய கொடை ஒரு பெண்ணுக்கு எவ்வளவு விடுதலையைத் தரும் என்பதை வர்ஜீனியா பட்டறிந்தே எழுதினார்.

ஆவணம் சொல்லாதவை

எல்லாப் பெண்களிடமும் ஆண்டு வருவாய் இல்லை. உயில் எழுத ஒன்றுமில்லாமல் வீட்டுப் பணியிலேயே காலங்கழித்தவர்களைப் பிறர் வீட்டுப் பணியாளர் வரிசையிலும், முதுமையில் ஏழையர் விடுதிப் பதிவேட்டிலும் தேட வேண்டியிருக்கிறது. தந்தை பெயர்க் கட்டம் வெறுமையாயிருக்கும் பிறப்புச் சான்றிதழ் மணமாகாத தாய் ஒருத்தியின் துயரைச் சொல்லும். ஐம்பது வயது கடந்த பெண்ணுக்குக் கைக்குழந்தை இருப்பதாகப் பதிவு காட்டினால், அது மூத்த மகளின் குழந்தையாக இருக்கக்கூடும். ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சி ஒரு குடும்பம் மறைத்த செய்தியைக் கண்டறியும் ஆய்வாளருக்கு அறிவோடு பரிவும் வேண்டும்.

மௌனம் சில சமயம் அப்பெண்களே தேர்ந்ததும் ஆகும். ஜேன் ஆஸ்டினின் மணமாகாத அக்கா கசாண்ட்ரா, 1845இல் இறப்பதற்குச் சில ஆண்டுகள்முன் தங்கையின் கடிதங்கள் பலவற்றை எரித்தார்; எஞ்சியவற்றை அண்ணன் தம்பியர் மகளிருக்குப் பகிர்ந்தளித்தார். இன்று ஜேனின் குரல் கேட்பதும் அவரால்; ஒரு பகுதி கேளாமற்போனதும் அவரால். குடும்ப நினைவின் காவலராக இருந்தவர்கள் பலநேரங்களில் இத்தகைய பெண்களே.

மணமாகாமை என்றதும் அதனை ஏமாற்றமாகவோ தியாகமாகவோ மட்டும் படிப்பதும் தவறு. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் தம்மை மணக்க விரும்பியவரை மறுத்துச் செவிலியப் பணியைத் தேர்ந்தார். 1860இல் லண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். கொடிவழிப் படத்தில் அவர் பெயருக்குக்கீழும் கோடு இல்லை. விருப்பத்தால் தனித்திருந்தவர், சூழ்நிலையால் தனித்திருந்தவர், கடமையால் தனித்திருந்தவர் என மூவகையினரையும் 'மணமாகாமல் இறந்தார்' என்னும் ஒரே குறிப்பு ஒன்றாக்கிவிடுகிறது. அவர்களை மீண்டும் தனித்தனி மனிதர்களாகக் காண்பதே ஆய்வின் பணி.

வேரும் விழுதும்

கொடிவழிப் படம் ஒரு பெண்ணிடம் கேட்பது 'யாரைப் பெற்றாள்?' என்னும் ஒரே வினா. பதிவேட்டின் ஓரங்களையும் உயிலின் வரிகளையும் படிக்கும் ஆய்வாளர் 'யாரைத் தாங்கினாள்?' என்று கேட்கிறார். முதல் வினாவுக்கு விடை இல்லாத இடத்தில் இரண்டாம் வினாவுக்குப் பல விடைகள் கிடைக்கின்றன. தாயில்லா ஆறு குழந்தைகள், படுக்கையில் கிடந்த தாய், பள்ளி தொடங்க விரும்பிய தங்கை மகள், நோயுற்று வந்த அண்ணன் மகள் என அவ்விடைகள் நீளுகின்றன.

ஆலமரத்தை அதன் அடிமரம் மட்டும் தாங்குவதில்லை, விழுதுகளும் தாங்குகின்றன. குடும்பங்களைத் தாங்கிய விழுதுகளாக இப்பெண்கள் வாழ்ந்தனர். பிறப்பையும் திருமணத்தையும் மட்டுமே கோடாக வரையும் வழக்கம் அவர்களைக் காணத் தவறியது. ஒரு வீட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர், வாரிசுகளின் வரிசையோடு அவ்வீட்டில் விளக்கேற்றி வைத்தவர்களின் பெயர்களையும் எழுதும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.